சிகாகோவிலிருந்து மேக்கன் வரை: கிட்டார்காரர்களின் சுயசரிதைகளோடு 7 நாள்

முதல் நாள்: சிகாகோ

ப்ளூஸ்-ராக் கிட்டார் ரசிகர்களில் பலர் இந்தப் பயணத்தைத் தெற்கில் தொடங்கி வடக்கே முடிப்பார்கள். தெற்கின் பருத்திக்காட்டில் கறுப்பினத்தவரிடையே பிறந்த ப்ளூஸ் இசை ரயிலேறி சிகாகோ போய் மின்சாரம் ஏற்றிக்கொண்டது, ஆகவே அதுதான் சரியான வரிசை என்பது அவர்கள் கணக்கு. எங்கள் கட்சி வேறு. சிகாகோவில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள். பையில் இருக்கும் சுயசரிதைகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பேரும் பணமும் வந்த பிறகு, வயதான காலத்தில் உட்கார்ந்து, பின்னோக்கிச் சொல்லப்பட்டவை அவை.

பையில் வைத்துக்கொள்ள 5 புத்தகங்கள் போதும். டபிள்யூ.சி. ஹேண்டி (1941), பி.பி. கிங் (1996), கீத் ரிச்சர்ட்ஸ் (2010), பட்டி கை (2012), கிரெக் ஆல்மன் (2012). இவற்றில் பி.பி. கிங்குக்கும் பட்டி கைக்கும் உடனிருந்து எழுதியவர் ஒருவரே, டேவிட் ரிட்ஸ். இரண்டு புத்தகத்திலும் வாக்கியங்கள் ஒரே தாளத்தில் நடப்பதுபோல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை உண்டு. கம்பி, மரம், விரல், கூலி, சாப்பாடு பற்றிச் சொல்லும்போது இந்த மனிதர்களை அப்படியே நம்பலாம். தேதி, இடம், யார் யார் கூட இருந்தார்கள் என்று வரும்போது சந்தேகக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

அதற்கு முதல் சாட்சி சௌத் மிச்சிகன் அவென்யூ 2120-ஆம் எண் கட்டடம். 1957 முதல் சுமார் 10 ஆண்டுகள் செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் இங்கே இயங்கியது. இப்போது அதன் பாடலாசிரியர் வில்லி டிக்சன் பெயரிலான அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. கீத் ரிச்சர்ட்ஸ் கிட்டார் வாசிக்கும் ஆங்கில ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 1964 ஜூன் 10, 11 தேதிகளில் இங்கே பதிவு செய்தார்கள். உள்ளே நுழைந்தபோது ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்பது கீத் ரிச்சர்ட்ஸின் புத்தகத்தில் உள்ள காட்சி. தான் கும்பிடும் சாமியே கையில் தூரிகையோடு நிற்பதுபோல. செஸ் குடும்பத்து மார்ஷல் செஸ் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். அதே இசைக்குழுவின் பில் வைமன், வண்டியிலிருந்து சாமான் இறக்க மடி வாட்டர்ஸ் கைகொடுத்தார் என்கிறார். இதைப் படித்துவிட்டு உள்ளே போய் அந்த ஒடுங்கிய படிக்கட்டில் ஏறிப் பாருங்கள். பதிவுக்கூடம் மேல்மாடியில். ஆம்ப் (ஒலிபெருக்கி) பெட்டிகளை இதன் வழியாகத் தூக்கிப் போவதென்றால் எந்த மனிதனும் ஒரு கை பிடித்திருப்பான். எங்கள் ஓட்டு வைமனுக்கு.

வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், எல்லா நாளும் திறப்பதில்லை. போகும் முன் நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரவு, சௌத் வாபாஷ் 700-இல் உள்ள பட்டி கையின் லெஜண்ட்ஸ். 1989-இல் அதே தெருவில் தொடங்கி, 2010-இல் இந்த இடத்துக்கு மாறியது. ஜனவரியில் அவரே தொடர்ந்து வாசிப்பது வழக்கம், அந்தச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் மது விற்கும் இடங்களில் 21 வயது ஆனதற்கு ஆதாரம் கேட்பார்கள். நரைத்த தலைக்கும் விலக்கு இல்லை, பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

லூசியானாவின் லெட்ஸ்வொர்த்தில் 1936-இல் பிறந்தவர் பட்டி கை. சிகாகோவில் வந்து இறங்கியது 1957 செப்டம்பர் 25. இந்தத் தேதியை அவர் மறப்பதே இல்லை, பிறந்தநாளைப் போலச் சொல்வார். மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து, சில நேரம் வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய் வாசிக்கும் பழக்கம் அவருக்குக் கிட்டார் ஸ்லிம் என்ற மூத்த கலைஞரிடமிருந்து வந்தது. இன்றைக்கு அதைக் கம்பியில்லாக் கருவி வைத்துச் செய்கிறார்கள். அன்றைக்கு அது 100 அடிக்கு மேற்பட்ட கேபிள்.

கிட்டார் வாசிப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். சாதாரணக் கேபிளில் அடிக்குச் சுமார் 30 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். 10 அடியில் 300, 100 அடியில் 3,000. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உள்ள சுருளோடு இது சேரும்போது ட்ரெபிளின் (உச்ச ஓசையின்) மேல்முனை நன்றாகவே மழுங்கிவிடும். அதை ஈடுகட்ட ஆம்பில் ட்ரெபிளையும் வால்யூமையும் முறுக்கித்தான் வாசித்திருக்க வேண்டும். பழைய மேடைப் பதிவுகளின் தொனியை 10 அடிக் கேபிளோடு தேடினால் கண்ணாடியைக் கீறுவதுபோல்தான் கேட்கும். டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், பாதி தூரம் அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாம் நாள்: ரயில்

பகலில் சௌத் லேக் பார்க் அவென்யூ 4339, மடி வாட்டர்ஸ் குடியிருந்த செங்கல் வீடு. 2021-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. வெளியே நின்று பார்க்க 10 நிமிடம் போதும்.

இரவு 8 மணியளவில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' ரயில். மெம்ஃபிஸுக்கு விடியற்காலை 6½ வாக்கில் போய்ச் சேரும். மிசிசிப்பி டெல்டாவின் கறுப்பினக் குடும்பங்கள் வேலை தேடி வடக்கே வந்த அதே இருப்புப்பாதை. மடி வாட்டர்ஸும் 1943-இல் இந்த வழியாகத்தான் வந்தார். கோச்சில் இரவைக் கழிக்கலாம், குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரைக் கொண்டுபோகிறவர்களுக்கு: கூடவே கிளிப் ட்யூனர், கேப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி), 10–46 கனக் கம்பி (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) இரண்டு செட், கண்ணாடி ஸ்லைடு (விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கும் குழல்) ஒன்று. இந்தப் பயணம் முடிவதற்குள் 3 ட்யூனிங் மாற்ற வேண்டியிருக்கும், மூன்றாவது கம்பியாவது அறுந்தே தீரும்.

மூன்றாம் நாள்: மெம்ஃபிஸ்

6½ மணிக்கு வந்து இறங்கினால் எதுவும் திறந்திருக்காது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே 1919-இல் தொடங்கிய ஆர்கேட் உணவகம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து காலையைக் கழிக்கலாம். வாடகைக் காரை இங்கே எடுங்கள். மெம்ஃபிஸில் எடுத்து அட்லாண்டாவில் விடுவதென்றால் ஒருவழிக் கட்டணம் தனியாகச் சேரும். பதிவு செய்யும்போதே மொத்தத் தொகையைப் பாருங்கள், நாள் வாடகையைவிட அது கூடுதலாக வருவதும் உண்டு.

யூனியன் அவென்யூ 706, சன் ஸ்டுடியோ. சாம் ஃபிலிப்ஸ் 1950 ஜனவரியில் திறந்தபோது பெயர் மெம்ஃபிஸ் ரெக்கார்டிங் சர்வீஸ். வருகிறவர்கள் எல்விஸ் நின்ற இடத்தைத் தேடுவார்கள். கிட்டார்காரர்கள் தேட வேண்டியது 1951 மார்ச் மாதம். ஐக் டர்னரின் குழு கிளார்க்ஸ்டேலிலிருந்து 61-ஆம் நெடுஞ்சாலை வழியாக வந்தது. வழியில் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் அடிபட்டு ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்துவிட்டது. காரின் மேலிருந்து விழுந்தது என்கிறார்கள், மழையில் நனைந்தது என்கிறார்கள், ஆளுக்கொரு கதை. மாற்று ஆம்புக்கு வழியில்லை. ஃபிலிப்ஸ் கிழிசலுக்குள் காகிதத்தைத் திணித்துவிட்டு அப்படியே பதிவு செய்தார். அதுதான் 'ராக்கெட் 88'. கிழிந்த கூம்பு சீராக முன்பின் அசையாமல் ஓரம் படபடக்கும், காகிதம் அதோடு சேர்ந்து அதிரும். தாழ்ந்த சுருதியில் கிட்டார் உறுமுவதுபோல் கேட்பது அதனால்தான். இதைச் செய்து பார்க்கிறேன் என்று நல்ல ஸ்பீக்கரில் பிளேடு வைக்காதீர்கள். கிழிசல் தானாகவே வளர்ந்துகொண்டு போகும், ஒரு வாரத்தில் வெறும் கொரகொரப்புதான் மிஞ்சும்.

அந்தப் பதிவை வாங்கி வெளியிட்டது யார் தெரியுமா? நேற்று முன்தினம் படியேறிப் பார்த்தோமே, அந்த செஸ்.

பீல் ஸ்ட்ரீட் இப்போது சுற்றுலாக் கடைவீதி. நியான் விளக்கு, பிளாஸ்டிக் கோப்பை. பி.பி. கிங்கின் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அவர் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் பெப்டிகான் என்ற டானிக்குக்கு விளம்பரப் பாட்டுப் பாடிப் பிழைத்த காலத்தை அங்கே தேடுவதைவிட, புத்தகத்தின் அந்த அத்தியாயங்களை ஆற்றங்கரையில் உட்கார்ந்து படிப்பது மேல். ரைலி பி. கிங் என்பவர் 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்' ஆகி, அது சுருங்கி பி.பி. ஆனது அந்த வானொலியில்தான்.

நான்காம் நாள்: கிளார்க்ஸ்டேல்

மெம்ஃபிஸிலிருந்து 61-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர், 1½ மணி நேரம். சாலை நேர்க்கோடு. மேடு என்பதே கிடையாது, தஞ்சாவூர்ப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குப் பழகிய தட்டை நிலம், நெல்லுக்குப் பதில் பருத்தி. அக்டோபர் பாதிக்கு மேல் போனால் காடு வெள்ளையாக இருக்கும். கோடையில் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் கிட்டாரை வைத்தால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிய பசை இளகி அது மேலே எழும்பிவிடும். குளிர்சாதனத்திலிருந்து வெளியே எடுத்ததும் வாசித்தாலும் பத்து நிமிடத்தில் சுருதி எங்கோ போயிருக்கும். பெட்டியை மூடியபடியே கால் மணி நேரம் விடுங்கள்.

மழை பெய்த மறுநாள் மண் சாலைக்குள் வண்டியை விடவே விடாதீர்கள். இங்கத்திய கரிசல், டயரில் மாவுபோல் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. இழுவை வண்டி வர அரை நாள் ஆகும். கைபேசி சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் 1979-இல் தொடங்கியது. இப்போது இருப்பது 1918-இல் கட்டிய சரக்கு ரயில் நிலையத்தில். உள்ளே மடி வாட்டர்ஸ் ஸ்டோவால் பண்ணையில் வாழ்ந்த மரக்குடிலின் மிச்சத்தையே தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். 1941 ஆகஸ்டில் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர்களான ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரைப் பதிவு செய்தது அங்கேதான். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் தன் குரலைத் தானே கேட்டது அன்றைக்கு. 2 ஆண்டில் ரயிலேறிவிட்டார்.

அந்தக் குடிலின் பலகை ஒன்றை எடுத்து ஸீஸீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். 'மடிவுட்' என்று பெயர். வெள்ளை உடல், அதில் மிசிசிப்பி ஆறு நெளிந்து ஓடுவதுபோல் நீலக் கோடு. அதை ஊர் ஊராகக் காட்டி அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்டினார்கள். பக்தி என்றால் இதுதான், கோயில் தூணை எடுத்து வீணை செய்வதற்குச் சமம். கிட்டாராக அது எப்படிக் கேட்கும் என்பது வேறு கேள்வி. திண்ம உடல் மின்கிட்டாரில் தொனியின் பெரும்பங்கு பிக்கப்பிலும் ஆம்பிலும்தான்.

ஊருக்குள் 61-உம் 49-உம் சந்திக்கும் இடத்தில் மூன்று நீலக் கிட்டார்களோடு ஒரு கம்பம். எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ராபர்ட் ஜான்சன் பிசாசிடம் ஆத்மாவை விற்றார் என்ற கதையை இந்தக் கம்பத்தடியில் சொல்கிறவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவருடைய 'க்ராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டில் பிசாசு எங்கே? வரவே வராது. இருட்டுகிற நேரத்தில் வண்டி மறித்தும் யாரும் நிறுத்தாத மனிதனின் பதைபதைப்பு மட்டும்தான் அதில் இருக்கிறது. 1930-களின் மிசிசிப்பியில் தனியாக நிற்கும் கறுப்பினத்தவனுக்கு இருட்டு என்றால் என்ன என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். ஜான்சன் சுயசரிதை எழுதவில்லை. 1938 ஆகஸ்ட் 16-இல் இறந்தார், 29 பாட்டுகள் மிச்சம். கிரீன்வுட் வட்டாரத்தில் அவர் பெயரில் 3 கல்லறைக் கற்கள் இருக்கின்றன. நேரில் பழகிய ஒருவரின் வாய்ச்சொல் வேண்டுமென்றால் ஹனிபாய் எட்வர்ட்ஸின் 1997-ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். பிசாசைவிடச் சுவாரசியமான மனிதர் ஒருவர் அதில் வருகிறார்.

1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்டில் க்ரீம் குழு அந்தப் பாட்டை வாசித்தபோது, அதன் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் ஜான்சனின் ஸ்லைடைக் கைவிட்டுவிட்டு நேரான ஒரே ரிஃப்பாக (திரும்பத் திரும்ப வரும் சுரத்தொடராக) மாற்றிக்கொண்டார். ஜான்சன் ஒரே ஆளாய்க் கட்டைவிரலில் பாஸும் மற்ற விரல்களில் மேல்கட்டையும் வாசித்ததை மூன்று பேர் பிரித்துக்கொண்டார்கள். இன்று பெரும்பாலோர் பழகுவது கிளாப்டனுடையதைத்தான்.

ஐந்தாம் நாள்: டட்வைலர், இண்டியனோலா, மூர்ஹெட்

49-ஆம் சாலையில் தென்கிழக்கே அரை மணி நேரத்துக்குள் டட்வைலர். ரயில் நிலையம் இடிந்துபோய் அடித்தளம் மட்டும். இங்கேதான், 1903 வாக்கில், வராத ரயிலுக்காகக் காத்துத் தூங்கிப்போன இசைக்குழுத் தலைவர் டபிள்யூ.சி. ஹேண்டியைக் கிட்டார் சத்தம் எழுப்பியது. கந்தலுடையில் ஒருவர் கம்பிமேல் கத்தியை அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தார் என்று எழுதுகிறார். ஹவாய்க் கிட்டார்காரர்கள் செய்வதுபோல என்று ஒரு ஒப்புமையும் சேர்க்கிறார். கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஹவாய் வரை போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, ஹேண்டி இதை எழுதி வெளியிட்டது 1941-இல். ஹவாய்க் கிட்டார் அமெரிக்காவெங்கும் பரவியது 1903-க்குப் பிறகுதான். அந்த ஒப்புமை ரயில்நிலையத்தில் தோன்றியதா, எழுதும் மேசையில் தோன்றியதா?

49 இங்கே இரண்டாகப் பிரிகிறது, மேற்குக் கிளையைப் பிடியுங்கள். வழியில் வரும் பார்ச்மன் மாநிலச் சிறைச்சாலை முன்னால் நிறுத்துவதோ படமெடுப்பதோ வேண்டாம். ப்ளூஸ் பாடகர்கள் சன் ஹவுஸும் புக்கா வைட்டும் உள்ளே இருந்திருக்கிறார்கள். சாலையோரம் நீல நிறப் பலகைகளைக் கண்டால் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். மிசிசிப்பி ப்ளூஸ் டிரெயில் பலகைகளில் நீண்ட குறிப்பும் பழைய படங்களும் பின்னால்தான், முன்பக்கத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இண்டியனோலாவில் பி.பி. கிங் அருங்காட்சியகம், 2008-இல் திறந்தது. அவர் வேலை பார்த்த பழைய செங்கல் பருத்தி ஜின்னோடு (பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை) சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2015-இல் இறந்த பிறகு அடக்கமும் இங்கேதான். இந்த ஏழு நாளில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்கு ஒதுக்குங்கள். குறைந்தது 3 மணி நேரம்.

அவருடைய கிட்டார் லூசிலின் கதை தெரியாதவர்கள் குறைவு. ஆர்கன்சாவின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில், 1949 குளிர்காலத்தில், ஆட்டக்கூடத்தில் குளிர்காய வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயை இரண்டு பேர் சண்டையில் உருட்டிவிட, எரிகிற கட்டடத்துக்குள் கிட்டாரை எடுக்கத் திரும்ப ஓடினார். அவர்கள் சண்டை போட்டது லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்தது. கிட்டாருக்கு அந்தப் பெயர் வைத்தார், இனி இப்படிச் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட. பிந்தைய லூசில்களில் கவனிக்க வேண்டியது துளையில்லாத முகம். கிப்ஸன் 355 வகைக் கிட்டாரின் எஃப் வடிவத் துளைகள் வழியாக ஆம்பின் சத்தம் உள்ளே புகுந்து ஊளையிடும். அதைத் தடுக்க அவர் துணியைத் திணித்து வாசித்தார். 1980-இல் கம்பெனியே துளையை எடுத்துவிட்டு அவர் பெயரில் மாடல் வெளியிட்டது. நீங்கள் துணி திணிப்பதானால் ஒயர்களையும் குமிழ்களின் அடிப்பாகத்தையும் இழுத்துவிடாமல் பாருங்கள். பல பேர் முதல்நாளே ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

இனி அந்த இடதுகை. தாயின் உறவினரான புக்கா வைட், இரும்பு ஸ்லைடு வைத்து வாசித்தவர். அந்த ஓசை எனக்கு ஸ்லைடில் வரவில்லை, அதனால் விரலை நடுங்கவைத்து வரவழைத்தேன் என்று பி.பி. கிங் புத்தகத்தில் சொல்கிறார். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கட்டைவிரல் கழுத்தை விட்டுவிடும். விரல்நுனி ஒன்று மட்டுமே கம்பியில், மொத்தக் கையும் மணிக்கட்டிலிருந்து பட்டாம்பூச்சி இறக்கைபோல் ஆடும். விரலை மட்டும் ஆட்டினால் ஆட்டின் கனைப்புதான் வரும். நம் ஊரில் கம்பிதம் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஏ ஸ்கேலில் இடம் சொல்கிறோம்: இரண்டாவது கம்பி, 10-ஆவது ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டுப் போன்றது) ஆட்காட்டி விரல், அது ஏ. அதே கம்பியில் 12-ஆவது ஃப்ரெட்டை மோதிர விரலால் அரை சுருதி தள்ளினால் மைனர் மூன்றாவது, முழுச் சுருதி தள்ளினால் மேஜர் மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதில்தான் ப்ளூஸ் இருக்கிறது. மூன்றாவது கம்பி 11-ஆவது ஃப்ரெட் ஆறாவது சுரம், அந்த இனிப்பு அங்கிருந்து வருகிறது. பழகும்போது செய்கிற பெரிய தப்பு, தள்ளிய இடத்திலிருந்து சரியான சுருதிக்குத் திரும்பாமல் மேலேயே மிதப்பது. தள்ளினால் சுருதி ஏறத்தான் முடியும், கீழே போகாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிச்சுருதியைத் தொட்டுவிட்டு வர வேண்டும். ஸ்லைடு அப்படியல்ல, சுருதியின் இருபுறமும் ஆடும். புக்கா வைட்டைப் பின்பற்றப்போய் பி.பி. கிங் எதைக் கண்டுபிடித்தார் என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அவருடைய பெயரில் விற்ற கம்பி செட் 10, 13, 17, 32, 45, 54. மேலே மெலிது, கீழே கனம். கனமான கம்பியில்தான் நல்ல தொனி என்று வாதாடுகிறவர்கள் மேல் மூன்று எண்களைக் கவனிக்கட்டும்.

வெளிச்சம் இருந்தால் கிழக்கே சிறிது தூரம், மூர்ஹெட். இரண்டு இருப்புப்பாதைகள் சரியாகச் செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டும் இடம். டட்வைலரில் கத்தியால் வாசித்தவர் திரும்பத் திரும்பப் பாடிய 'சதர்ன் டாகைக் கடக்கும் இடம்' இதுதான். சதர்ன், டாக் இரண்டும் அந்த ரயில்பாதைகளின் பெயர்கள்.

ஆறாம் நாள்: மசில் ஷோல்ஸ்

கிழக்கே அலபாமாவுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். விடியற்காலையில் கிளம்பினால்தான் இரண்டு ஸ்டுடியோவும் கிடைக்கும். இரண்டிலும் பதிவு வேலை நடப்பதால் சுற்றிக்காட்டும் நேரம் மாறும்.

ஈஸ்ட் அவலான் 603-இல் ஃபேம் ஸ்டுடியோ. 1968 நவம்பரில் பாடகர் வில்சன் பிக்கெட் இங்கே பதிவுக்கு வந்தபோது, 'ஹே ஜூட்' பாடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றது நீளமுடி வைத்திருந்த 22 வயதுக் கிட்டார்காரர் டுவான் ஆல்மன், கிரெக்கின் அண்ணன். பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். பாடகரின் ஒவ்வொரு கத்தலுக்கும் கிட்டார் பதில் சொல்கிறது. கிளாப்டன் அதைக் காரில் கேட்டுவிட்டு வண்டியை ஓரங்கட்டி, யார் இது என்று விசாரித்தார். 2 ஆண்டு கழித்து மயாமியில் இருவரும் சேர்ந்து 'லைலா' வாசித்தார்கள்.

ஷெஃபீல்டில் ஜாக்சன் ஹைவே 3614, மசில் ஷோல்ஸ் சவுண்ட். 1969 டிசம்பர் 2 முதல் 4 வரை ரோலிங் ஸ்டோன்ஸ் மூன்று நாளில் மூன்று பாட்டு பதிவு செய்தார்கள். 'வைல்ட் ஹார்ஸஸ்' பாட்டை கீத் ரிச்சர்ட்ஸ் முடித்ததாகச் சொல்லும் கழிவறையையும் காட்டுவார்கள். கூட்டம் அங்கேதான் நிற்கும். நீங்கள் அங்கே பதிவான இன்னொரு பாட்டான 'பிரவுன் ஷுகர்' பக்கம் போங்கள்.

அது ஓப்பன் ஜி, எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கோர்டு வரும் ட்யூனிங். ஆறாவது கம்பியைக் கழற்றிவிடுங்கள். மீதி ஐந்தும் கனத்திலிருந்து மெலிதுக்கு: ஜி, டி, ஜி, பி, டி. ஐந்தாவது ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் கம்பி ஈ-யிலிருந்து டி-க்கும் இறங்குகின்றன, நடு மூன்றும் அப்படியே. ஏன் ஆறாவது வேண்டாம்? கோர்டின் அடிச்சுரம் இப்போது ஐந்தாவதில் இருக்கிறது, ஆறாவது டி-யில் தொங்கிக்கொண்டு குழப்பும். ஆட்காட்டி விரலைப் பட்டையாக வைத்துவிட்டு, நடுவிரலை இரண்டாவது கம்பியில் ஒரு ஃப்ரெட் மேலும், மோதிர விரலை நான்காவதில் இரண்டு ஃப்ரெட் மேலும் வைத்து எடுத்தால் அந்தப் பழக்கமான உதறல் வந்துவிடும். சாதாரண ட்யூனிங்கில் எத்தனை மணி நேரம் முட்டினாலும் வராது. தன் புத்தகத்தில் அவர் இந்த ஐந்து கம்பிக்கு ஒதுக்கியிருக்கும் பக்கங்கள், போதைக் கதைகளைவிட எத்தனையோ மடங்கு உருப்படியானவை. விமர்சனங்கள் எல்லாம் மற்றதைத்தான் எழுதின.

ஏழாம் நாள்: மேக்கன், ஜார்ஜியா

அலபாமாவிலிருந்து ஜார்ஜியாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிடும். 5½ மணி நேர ஓட்டத்தோடு இதையும் கூட்டாவிட்டால் வைன்வில் அவென்யூ 2321-இன் கதவு மூடியிருக்கும். ஆல்மன் பிரதர்ஸ் குழு 1970 முதல் 1973 வரை குடியிருந்த 'பிக் ஹவுஸ்' அது. வார இறுதியை ஒட்டிய சில நாட்களில்தான் திறக்கும், அதைப் பார்த்து சிகாகோ தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

கிரெக் ஆல்மனின் புத்தகத்தில் ஒரு காட்சி. குதிரையிலிருந்து விழுந்து முழங்கையில் அடி, கூடவே ஜலதோஷம், அண்ணன் டுவான் தம்பிமேல் கோபத்தில் இருக்கிறார். பிறந்தநாளன்று தம்பி, தாஜ் மஹால் என்ற பாடகரின் முதல் இசைத்தட்டையும் கோரிசிடின் மாத்திரைப் புட்டியையும் வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து தொலைபேசி, உடனே வா. போய்ப் பார்த்தால் மாத்திரையைக் கொட்டிவிட்டு, லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, புட்டியை விரலில் மாட்டிக்கொண்டு, தட்டில் ஜெஸ்ஸி எட் டேவிஸ் வாசித்த 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' ஸ்லைடை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் புட்டியின் அருமை அதன் மூடிய முனையில். விரல் நுனி வரை போய் முட்டும், நழுவாது. கண்ணாடி உலோகத்தைவிட மென்மையாகப் பேசும். அசல் புட்டி இப்போது சேகரிப்பாளர்களிடம்தான், அதே வடிவில் புதிதாகச் செய்து இசைக்கடைகளில் விற்கிறார்கள், விரல் அளவு பார்த்து வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் கம்பியில் கடகடக்கும். மோதிர விரலில் மாட்டுங்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஸ்லைடுக்குப் பின்னால் கம்பிகளை லேசாகத் தொட்டு அமுக்கிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பி தனியாக முனகும். பிக் (மீட்டும் சில்லு) வேண்டாம், டுவான் ஸ்லைடுக்கு வலதுகை விரல்களைத்தான் பயன்படுத்தினார். ஸ்லைடு ஃப்ரெட்டுக்குப் பின்னால் அல்ல, நேர்மேலே நிற்க வேண்டும். அழுத்தினால் ஃப்ரெட்டில் இடித்து டொக்கென்று கேட்கும்.

ட்யூனிங் ஓப்பன் ஈ: ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. ஐந்தாவதும் நான்காவதும் முழுச் சுருதி ஏறும், மூன்றாவது அரைச் சுருதி. இரண்டாம் நாளே சொன்னோமே, கம்பி அறுந்துபோவது இங்கேதான். பழைய கழுத்து என்றால் பயப்படத் தேவையில்லை, ஓப்பன் டி-க்கு இறக்கி இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் அதே சுருதிதான்.

'லைலா' வாசித்த 1957 கோல்ட்டாப் லெஸ் பால் கிட்டாரை டுவான் 1970 செப்டம்பரில் வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டார், பிக்கப்புகளை மட்டும் கழற்றிப் புதியதில் போட்டுக்கொண்டு. உடலை விட்டுவிட்டுப் பிக்கப்பைக் கொண்டுபோன மனிதர். அந்த உடல் 2019-இல் ஏலத்தில் 12.5 லட்சம் டாலருக்குப் போனது.

நடுப்பகலில் எச் அண்ட் எச் உணவகம். கையில் காசில்லாத நாளில் குழுவுக்குச் சோறு போட்ட, 'மாமா' (அம்மா) என்று அழைக்கப்பட்ட லூயிஸ் என்ற பெண்மணியின் கடை. கிரெக்கின் புத்தகத்தில் அதற்கு நன்றி இருக்கிறது.

ஹில்கிரெஸ்ட், பார்ட்லெட் தெருக்கள் சந்திக்கும் இடத்தில்தான் 1971 அக்டோபர் 29 அன்று டுவானின் மோட்டார்சைக்கிள் விபத்து. ஓராண்டு கழித்து, நவம்பர் 11-இல், மூன்று தெரு தள்ளி, குழுவில் பாஸ் வாசித்த பெர்ரி ஓக்லிக்கும் மோட்டார்சைக்கிள் விபத்து. இருவரும் இறந்தது 24 வயதில். பீச் பழ லாரி மோதியது, அதனால்தான் அடுத்த ஆல்பத்துக்கு 'ஈட் எ பீச்' என்று பெயர் என்பவர்களை நம்பாதீர்கள். அது மரம் ஏற்றும் வண்டி. பெயர் டுவான் ஒரு பேட்டியில் சொன்ன வார்த்தையிலிருந்து வந்தது.

ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டம் ஆக்மல்கி ஆற்றை நோக்கிச் சரியும் மேட்டில் இருக்கிறது. டுவானும் ஓக்லியும் பக்கத்தில் பக்கத்தில், 2017-இல் கிரெக்கும் வந்து சேர்ந்தார். வேலி போட்டிருக்கிறார்கள், தாண்டாதீர்கள், பிக்குகளை வெளியிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். குழு வெறுங்கையோடு இருந்த நாட்களில் இங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. குழுவின் இன்னொரு கிட்டார்காரர் டிக்கி பெட்ஸின் 'எலிசபெத் ரீட்' பாட்டின் பெயர் இங்குள்ள ஒரு கல்லில் இருக்கிறது. சற்று தள்ளி, மார்த்தா எல்லிஸ் என்ற சிறுமியின் சிலை. டுவான் பெயரில் மட்டும் பதிவான ஒரே பாட்டு 'லிட்டில் மார்த்தா', இரண்டு கிட்டார், 2 நிமிடம், ஸ்லைடு கிடையாது. கிட்டார் இன்னும் ஓப்பன் ஈ-யில்தான் இருக்கும், கேப்போவைக் கழற்றவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம், வாசிக்கலாம். மாலையில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள், காரை உள்ளே விட்டிருந்தால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.